காயலான் கடை மீட்டர் சொன்ன சாட்சி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. விஷயம், பரண். அதில் தங்கமணியின் பித்தளை அண்டாக்கள் இருப்பதா, என் டப்பாக்கள் இருப்பதா என்பதுதான் வழக்கு. டப்பா என்று அவர் சொல்வது இரண்டு எச்பி 3478ஏ மல்டிமீட்டர்களையும், ஒரு பழைய ஆஸிலோஸ்கோப்பையும், தடித்தடியான கேபிள்கள் நிறைந்த ஓர் அட்டைப்பெட்டியையும். மீட்டர்கள் 1980களின் மாடல். "எல்லாம் போன்லயே வந்தாச்சு, இன்னும் எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க?" என்று கேட்டார். தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் என் தரப்பு வாதத்தை எழுதி வைத்துவிடுகிறேன். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு புனே, பெங்களூரு, ஹைதராபாத் என்று வந்து சேர்ந்து, கடைசியில் பொட்டி தட்டிக்கொண்டிருக்கும் நம்மாட்கள் பலர் வீட்டிலும் இதே வழக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன் :-)

கொசுவத்தி சுற்றிக் கொஞ்சம் பின்னால் போவோம். 2019 ஜனவரி. புனேக்கு வெளியே போசரி தொழிற்பேட்டையில் ஒரு கோயமுத்தூர் நண்பர் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் எனக்கு அண்ணா. பேங்க் கடனில் வாங்கிய ஒரு சிஎன்சி லேத்தான் அங்கே குலதெய்வம். அந்த லேத் திடீர் திடீரென்று நடுவேலையில் நின்று, திரை அணைந்து, தானாக மறுபடி ஆரம்பிக்க ஆரம்பித்தது. நிற்கும்போது கட்டிங் டூலின் முனை உடையும், ஜாப் ஸ்கிராப் ஆகும். சர்வீஸ் ஆட்கள் மூன்று முறை வந்தார்கள். வந்த மூன்று முறையும் மெஷின் சமர்த்தாக ஓடியது. கையடக்க மீட்டரை வைத்து 5 வோல்ட் சப்ளையைப் பார்த்தார்கள், "சரியாத்தான் இருக்கு" என்றார்கள். கடைசியில் கன்ட்ரோல் போர்டையே மாற்றிவிடலாம் என்று இரண்டு லட்சத்துக்கு மேல் ஒரு கொட்டேஷன் கொடுத்தார்கள். போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போனார்கள்: "காலை ஷிப்டுல மட்டும்தானே நிக்குது? ஆபரேட்டரைக் கவனிங்க."

காலை ஷிப்ட் ஆபரேட்டர் லாத்தூர் பக்கத்துப் பையன். ஐடிஐ படித்தவன், கல்யாணமாகி ஒரு வருடம். டீ குடிக்கப் போவதற்காக அவனே மெயினை ஆஃப் செய்து ஆன் செய்கிறான் என்று சந்தேகம். அண்ணா என்னிடம் சொன்னபோது ஏறக்குறைய முடிவே செய்துவிட்டிருந்தார். "மாசக் கடைசியில கணக்கு முடிச்சு அனுப்பிரலாம்னு இருக்கேன் தம்பி."

எனக்கு அந்தப் பையனைத் தெரியாது. நல்லவனா, ஏமாற்றுகிறவனா என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் ஒன்று தெரியும். விட்டுவிட்டு வரும் கோளாறு ஒரு இடத்தில் நுழைந்தால், முதலில் பழி விழுவது மெஷின் மேல் இல்லை. பேசத் தெரியாத, பேசினாலும் எடுபடாத ஒரு ஆள் மேல்தான். ஏனென்றால் மெஷின் நின்ற நேரத்தில் பக்கத்தில் இருந்தது அவன் மட்டும்தான். "ரெண்டு நாள் டைம் கொடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்து பரணில் ஏறினேன்.

இந்த இடத்தில் மீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புனேயில் ஜூனா பஜார் என்று ஒரு பழைய சாமான் சந்தை உண்டு. புதனும் ஞாயிறும் கூடும். நம்ம ஊர் காயலான் கடையைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு தொழிற்சாலை தன் டெஸ்டிங் பிரிவை மூடி, கிலோ கணக்கில் எடை போட்டு விற்றதில் இந்த மீட்டர்கள் 2011இல் அங்கே வந்து சேர்ந்திருந்தன. ஐந்தரை இலக்க மீட்டர். பின்புறத்தில் 24 முனை கொண்ட ஓர் அகலமான சாக்கெட். விற்றவர் அதைப் பிரிண்டர் கேபிளுக்கானது என்றார்.

அது பிரிண்டருக்கானது இல்லை. கணினிக்கானது. ஹியூலெட் பேக்கார்டு 1960களின் கடைசியில் தன் கருவிகளை ஒன்றோடொன்று பேச வைக்க உருவாக்கிய இணைப்பு அது. 1975இல் ஐஈஈஈ 488 என்ற பெயரில் எல்லோருக்குமான தரநிர்ணயம் ஆனது. ஜிபிஐபி என்று சொன்னால் லேபில் வேலை செய்தவர்களுக்குப் புரியும். 1977இல் வந்த கமடோர் பெட் கணினிகூட டிஸ்க் டிரைவோடு பேச இதே இணைப்பைத்தான் பயன்படுத்தியது. அதாவது, பழைய மீட்டரைக் கணினியில் மாட்டுவது ஏதோ மாட்டு வண்டிக்கு ஏசி வைக்கிற வேலை என்று நினைக்க வேண்டாம். அது பிறந்ததே கணினியோடு பேசத்தான். நடுவில் நாம்தான் பேச்சை நிறுத்திவிட்டோம்.

அந்த 24 முனைகளில் 16 மட்டுமே சிக்னல். எட்டு கம்பிகளில் தகவல், மூன்றில் கைகுலுக்கல், ஐந்தில் நிர்வாகம். மீதி எட்டும் கிரவுண்டும் கவசமும். கைகுலுக்கல் எப்படி நடக்கும் என்றால், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் 'சொல்வதை எழுதுதல்' நடத்துவது மாதிரி. ஒரு சொல்லைச் சொல்வார். கடைசி பெஞ்சில் மெதுவாக எழுதுகிற பையன் முடித்துத் தலை நிமிரும் வரை அடுத்த சொல் வராது. அதனால்தான் 1980களின் மெதுவான மீட்டரும் இன்றைய வேகமான கணினியும் சண்டையில்லாமல் பேச முடிகிறது. ஒரே கேபிள் வரிசையில் கணினியையும் சேர்த்து 15 கருவிகள் வரை மாட்டலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவிலக்கம் உண்டு. 3478ஏயில் அதைப் பின்புறச் சின்ன சுவிட்சுகளில் வைக்க வேண்டும்.

இதற்கான யுஎஸ்பி அடாப்டர் புதிதாகப் பெயர்பெற்ற கம்பெனியில் வாங்கினால் பல பத்தாயிரங்கள் ஆகும். மீட்டரின் விலையைவிடப் பல மடங்கு. நான் செய்தது வேறு. ஏஆர்488 என்று ஒரு திறமூல நிரல் இருக்கிறது. ஆர்டுயினோ போர்டில் ஏற்றினால் அந்தப் போர்டே ஜிபிஐபி அடாப்டர் ஆகிவிடும். கணக்கைப் பாருங்கள்: ஆர்டுயினோ ஊனோவில் மொத்தம் 20 கால்கள், கணினியோடு பேச இரண்டு போனால் 18. பஸ்ஸுக்குத் தேவை 16. அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒன்றிரண்டு கருவிகளுக்கு இது போதும். நிறையக் கருவிகளைக் கோர்த்தால் ஆர்டுயினோவின் கால்களுக்கு அவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கும் தெம்பு இல்லை, நடுவில் பஃபர் ஐசி வேண்டும். 24 முனைக் கனெக்டரை புத்வார் பேட்டில் தாப்கீர் கல்லியில் தேடிப் பிடித்தேன். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி. ஒரு மத்தியான நேர சால்டரிங்.

கணினிப் பக்கம் பைத்தானில் முப்பது வரி நிரல். 3478ஏயின் மொழி ரொம்ப எளிது. எஃப்1 என்று அனுப்பினால் டிசி வோல்ட், எஃப்2 என்றால் ஏசி வோல்ட், எஃப்4 என்றால் நான்கு கம்பி ஓம். ஒரே ஒரு இடத்தில் தடுக்கி விழுந்தேன். இப்போதைய கருவிகளிடம் "நீ யார்?" என்று கேட்க ஒரு பொதுக் கட்டளை உண்டு. அந்தப் பொதுக் கட்டளைகள் வந்தது 1987இல். அதற்கு முந்தைய மீட்டரிடம் அதைக் கேட்டால் பதிலே வராது. கனெக்‌ஷன் தப்போ என்று ஒரு ராத்திரி முழுக்கக் கம்பிகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். தப்பு கனெக்‌ஷனில் இல்லை, பெரியவரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியாததில்.

சரி, ஒர்க்‌ஷாப்புக்கு வருவோம். கன்ட்ரோல் பேனலுக்குள் 415 வோல்ட் மூன்று ஃபேஸ் வருகிறது. எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெயினை இறக்கிவிட்டு, முதல் மீட்டரின் கம்பிகளை 5 வோல்ட் சப்ளையில் மாட்டினேன். இரண்டாவது மீட்டரில் பிடி100 என்னும் வெப்ப உணரி. பிளாட்டினக் கம்பிதான். பூஜ்யம் டிகிரியில் 100 ஓம், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 ஓம் கூடும். அதைப் பவர் சப்ளைப் பெட்டியின் மேல் ஒட்டினேன். முதல் மீட்டர் டிசியும் ஏசியும் மாறி மாறிப் படிக்க வேண்டும், இரண்டாவது வெப்பம் படிக்க வேண்டும். ஐந்து வினாடிக்கு ஒரு வரி, நேரத்தோடு கோப்பில் எழுத வேண்டும். ஆபரேட்டர் பையனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, மெஷின் நின்றால் சுவர்க் கடிகார நேரத்தை எழுதச் சொன்னேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. "டீக் ஹை, காகா" என்று நோட்டை வாங்கிக்கொண்டான்.

அண்ணா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றார். "ஏந்தம்பி, கம்பெனிக்காரனுக்கே தெரியாதது இந்த டப்பாவுக்குத் தெரியுங்களா?"

முதல் ராத்திரி கோவிந்தா. மீட்டர் விழித்திருந்தது, லேப்டாப் தூங்கிவிட்டது. ஸ்லீப் அமைப்பை நிறுத்த மறந்தது என் தப்பு. மீட்டருக்கு வயதாகியிருந்தாலும் தூக்கம் வரவில்லை :-)

இரண்டாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு ஆரம்பித்து மறுநாள் மத்தியானம் வரை ஓடியது. பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வரிகள். அவற்றில் இரண்டு வரிகளை மட்டும் சொல்கிறேன்.

காலை 7:09. டிசி 4.93 வோல்ட். ஏசி 0.17 வோல்ட். பிடி100 104.3 ஓம், அதாவது 11 டிகிரி.

காலை 8:40. டிசி 5.01 வோல்ட். ஏசி 0.04 வோல்ட். பிடி100 110.5 ஓம், அதாவது 27 டிகிரி.

பையன் நோட்டில் எழுதியிருந்த நேரங்கள் 7:09, 7:21. அதற்குப் பிறகு மெஷின் நிற்கவே இல்லை.

டிசியை மட்டும் பார்த்தால் 4.93 ஒரு குற்றமும் இல்லாத எண். 5 வோல்ட்டில் ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம் என்பது வழக்கம், 4.75 வரை சரி. சர்வீஸ் ஆட்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் 0.17 ஏசி என்றால், அந்த 5 வோல்ட்டின் மேல் ஒரு அலை ஓடுகிறது. முக்கோண அலை என்று வைத்துக் கணக்குப் போட்டால் உச்சிக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஏறக்குறைய 0.59 வோல்ட். 4.93இலிருந்து அதில் பாதியைக் கழித்தால் பள்ளம் 4.63 வோல்ட்டில் நிற்கிறது. அந்தப் போர்டில் ஒரு காவல்கார ஐசி இருந்தது. சப்ளை 4.65க்குக் கீழே இறங்கினால் மொத்தப் போர்டையும் ரீசெட் செய்வதுதான் அதன் வேலை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

காலையில் மட்டும் ஏன்? பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களுக்குள் ஈரமான ரசாயனம் உண்டு. வருடக்கணக்கில் சூட்டில் கிடந்தால் அது வற்றும். வற்ற வற்ற உள்தடை ஏறும், அலையை விழுங்கும் சக்தி குறையும். குளிரில் அந்தத் தடை இன்னும் ஏறும், சூடானால் இறங்கும். ஜனவரி மாத புனேக் காலையில், தகரக் கூரை போட்ட ஷெட்டில், ராத்திரி முழுக்க அணைந்து கிடந்த மெஷின். ஏழு மணிக்கு அது நடுங்கும். ஒன்பது மணிக்குத் தேறிவிடும். சர்வீஸ் ஆட்கள் எப்போது வருவார்கள்? பதினோரு மணிக்கு!

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆபரேட்டர் யாரும் இல்லாத நேரத்தில், அண்ணாவே மெஷினை ஆன் செய்தார். ஜாப் மாட்டாமல் வெறும் காற்றில் ஓடும் புரோகிராம். நாங்கள் பத்தடி தள்ளி நின்றோம். ஏழாவது நிமிடம் நின்றது. அண்ணா ஒன்றும் பேசவில்லை. பிறகு பவர் சப்ளைக்குப் பக்கத்தில் தங்கமணியின் ஹேர் டிரையரைப் பிடித்துப் பத்து நிமிடம் சூடேற்றினேன் (வழக்கில் இதை எதிர்த்தரப்புக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம்). ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. நான்கு கெப்பாசிட்டர்களை மாற்றினோம். 105 டிகிரி, குறைந்த உள்தடை ரகம். சாதா ரகம் போட்டால் மறுபடி அதே கதைதான். மொத்தச் செலவு இருநூறு ரூபாய்க்குள்.

மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. நம்ம ஊர் முதலாளிகளின் வழக்கம் அது இல்லை. திங்கள்கிழமை ஏழு மணிக்கு அண்ணாவே முன்னால் வந்து மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார், அவ்வளவுதான். பையன் என்னிடம் வந்து, லேப்டாப் திரையில் இருந்த வரைபடத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். எதற்கு என்றேன். "வீட்ல காட்டணும் காகா." வேலை போகப்போகிறது என்று வீட்டில் சொல்லிவிட்டிருந்தான் போல.

என் வாதம் இதுதான். மனிதன் அளந்தால், அந்த நேரத்தில் கண்ணில் பட்டதைத்தான் அளக்கிறான். கணினியோடு சேர்ந்த மீட்டர், யாரும் இல்லாத நேரத்திலும், யார் பக்கமும் சாயாமல் எழுதிக்கொண்டே இருக்கிறது. விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு இதைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்தச் சாட்சியைக் கிலோ கணக்கில் எடைக்குப் போடுகிறோம்.

"ஏன் பழசு? புதுசா வாங்கினா என்ன?" நியாயமான கேள்வி. காசு இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் மலிவான கையடக்க மீட்டர்கள் பலவற்றின் ஏசி அளவு, வீட்டு கரண்டின் 50 ஹெர்ட்ஸுக்காகச் செய்தது. சில நூறு ஹெர்ட்ஸ் தாண்டினால் காது கேட்காது. பவர் சப்ளையின் அலையோ பல ஆயிரம் ஹெர்ட்ஸில் ஓடும். 3478ஏ ஒரு லட்சம் ஹெர்ட்ஸ் வரை உண்மையான ஆர்எம்எஸ் காட்டும். 'பழசு' என்ற சொல்லுக்கு 'மட்டம்' என்று அர்த்தம் இல்லை. அந்தக் காலத்து சர்வீஸ் புத்தகத்தில் முழு சர்க்யூட் படம் இருக்கும். பழுதானால் நாமே திறக்கலாம்.

"அளவு சரின்னு யார் சொன்னா?" இதுவும் நியாயம். சர்டிபிகேட் கொடுக்கிற வேலைக்கு அளவுத்திருத்தம் இல்லாத மீட்டர் உதவாது. ஆனால் கோளாறு தேடும்போது நமக்கு வேண்டியது பெரும்பாலும் வித்தியாசம். காலையில் 0.17, ஒன்றரை மணி நேரம் கழித்து 0.04. மீட்டர் ஒரு சதவீதம் தப்பாகக் காட்டினாலும் கதை மாறாது.

எதற்கு உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த மீட்டர் மெதுவானது. ஒரு மில்லி வினாடிக்கு வந்துபோகும் சரிவை அது பார்க்கவே பார்க்காது, அதற்கு ஸ்கோப்தான். படிக்கிற பிள்ளைக்கு முதன்முதலாக ஒன்று வாங்கித் தருவதாக இருந்தால், பத்துக் கிலோ ஸ்கோப்பைத் தூக்கி வராதீர்கள். ஒரு நல்ல கை மீட்டரும், சின்ன யுஎஸ்பி லாஜிக் அனலைசரும் போதும். படக்குழாய் வைத்த ஸ்கோப்புக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், விளையாட்டுப் பொருள் இல்லை.

என் பெண் பொறியியல் இரண்டாம் வருடம் படிக்கிறாள். இந்தக் கதையைச் சொன்னபோது, "அப்பா, இதே மாதிரி மீட்டர் எங்க லேப்லயும் இருக்கு, கண்ணாடி அலமாரியில பூட்டி வெச்சிருக்காங்க" என்றாள். எத்தனை தடவை தொட்டிருக்கிறாய் என்று கேட்டேன். தொட்டதில்லை. ரெகார்டு நோட்டில் எழுதும் அளவுகள் எல்லாம் சிமுலேஷனிலிருந்து வருபவை. சிமுலேஷனில் கெப்பாசிட்டர் வற்றாது. ஜனவரி வராது. வேலைக்குப் போன முதல் வருடத்தில் ஒரு போர்டு நின்றால், அவளும் "சாஃப்ட்வேர்ல பிரச்சினை" என்றோ, "ஆபரேட்டர் தப்பு" என்றோதான் சொல்வாள். தெரியாததை வேறு யார் மேலாவது போடுவதுதான் மனுஷ சுபாவம்.

அதனால் மூன்று பேரிடம் மூன்று கோரிக்கைகள். கம்பெனிகளில் டெஸ்டிங் பிரிவில் இருக்கும் நம்மாட்களே, பழைய கருவியை ஸ்கிராப்புக்கு எழுதும் முன் பக்கத்து ஐடிஐக்கோ பாலிடெக்னிக்குக்கோ கொடுக்க முடியுமா என்று ஒரு மெயில் போட்டுப் பாருங்கள். கொடுக்கும்போது சர்வீஸ் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள், புத்தகம் இல்லாத கருவி பாதிக் கருவி. ஆசிரியர்களே, அலமாரியைத் திறங்கள். பூட்டி வைத்தாலும் அந்தக் கருவி கெடத்தான் போகிறது, பிள்ளைகள் கை பட்டுக் கெட்டால் ஒரு பாடமாவது மிஞ்சும். பெற்றோர்களே, பிள்ளை ஒரு பழைய டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தால், திட்டுவதற்கு முன் "இது எதை அளக்கும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

மூன்றாவது கோரிக்கையின் நகல் ஒன்று தங்கமணிக்கும் அனுப்பப்பட்டுள்ளது. அண்டாக்களுக்கு பால்கனியில் இடம் தரத் தயார் என்று சமரசமும் பேசியிருக்கிறேன்.

டிஸ்கி: நிஜமாகவே யாராவது பரணில் ஏறினால், நான் பட்டுத் தெரிந்துகொண்டவை சில.

1. பிளக்கைச் சொருகும் முன் பின்புற வோல்டேஜ் தேர்வைப் பாருங்கள். 110இல் இருக்கும் வெளிநாட்டுக் கருவியை 230இல் மாட்டினால் புகை நிச்சயம். மாற்றும்போது ஃப்யூஸையும் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு மாற்ற வேண்டும்.

2. மெயின்ஸ் நுழையும் இடத்தில் இருக்கும் பழைய காகிதக் கெப்பாசிட்டர்களில் விரிசல் விட்டிருந்தால் மாற்றிவிட்டே ஆன் செய்யுங்கள். வெடித்து வீடெல்லாம் நாறும்.

3. 3478ஏ தன் அளவுத்திருத்த எண்களை, உள்ளே சால்டர் செய்த 3 வோல்ட் லித்தியம் பேட்டரியின் தயவில்தான் நினைவில் வைத்திருக்கிறது. பேட்டரி போனால் நினைவும் போச்சு. 2011இல் தெரியாமல் ஒரு மீட்டரின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மீட்டர் வாங்கிய விலையைவிட அதிகம் கொடுத்து மறுபடி அளவுத்திருத்தம் செய்தவன் நான். ஜிபிஐபியில் மாட்டியதும் முதல் வேலையாக அந்த 256 இடங்களையும் படித்துக் கோப்பில் சேமித்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

4. சில கருவிகளில் ஜிபிஐபி இருக்காது, ஒன்பது முனை ஆர்எஸ்-232 இருக்கும். யுஎஸ்பி சீரியல் கேபிள் போதும். பதிலே வரவில்லை என்றால் முதலில் 2, 3ஆம் கம்பிகள் குறுக்காக மாறியிருக்க வேண்டுமா என்று பாருங்கள், அடுத்து பாட் வேகம்.

5. கடைசியாக, உயிர் விஷயம். சாதாரண ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் சுவர் எர்த்தோடு சேர்ந்தது. கணினியோடு இணைத்தால் கணினியும் அதே எர்த்தில்தான். பவர் சப்ளையின் மெயின்ஸ் பக்கத்தில் அந்தக் கிளிப்பை மாட்டினால் வெடிக்கும். அதற்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் அல்லது டிஃபரன்ஷியல் புரோப் வேண்டும். சுருக்கு வழி என்று ஸ்கோப்பின் எர்த் காலை வெட்டாதீர்கள். எந்தச் சாட்சிக்காகவும் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.